கயிற்றைப் பிடித்திருப்பவரைப் பாருங்கள்: உளவுப் படங்களிலிருந்து குழுவை நடத்தக் கற்றுக்கொள்ளும் முறை

1996ஆம் ஆண்டு வெளிவந்த ‘மிஷன்: இம்பாசிபிள்’ படத்தில், அமெரிக்க உளவுத்துறைத் தலைமையகத்தின் பாதுகாப்பறைக்குள் டாம் குரூஸ் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் காட்சியை அறியாதவர்கள் குறைவு. அந்த அறையில் சத்தம் எழுந்தாலும், வெப்பம் கூடினாலும், தரையில் எடை பட்டாலும் அபாய மணி அடித்துவிடும். எல்லாரும் தொங்குபவரையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் மேலே காற்றுக்குழாய்க்குள் ஒருவர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். தொலைவில் கணினியின் முன் அமர்ந்து இன்னொருவர் கண்காணித்துக்கொண்டிருக்கிறார். அந்த அறையில் வேலை பார்க்கும் அலுவலரின் காப்பியில் எதையோ கலந்து, அவரை அடிக்கடி கழிப்பறைக்கு ஓடவைத்த பெண்மணி ஒருவரும் இருக்கிறார். இந்த மூவரில் ஒருவர் தவறினாலும் தொங்குபவரின் திறமையால் எதுவும் ஆகப்போவதில்லை.

உளவு அதிரடிப் படங்களை வைத்துக் குழுப்பணியையும் தலைமைப் பண்பையும் பேசும் கட்டுரைகள் பெரும்பாலும் தொங்குபவரின் துணிச்சலைப் பாராட்டுவதோடு நின்றுவிடுகின்றன. அதனால் பயனில்லை என்பது என் கருத்து. நம்மில் பெரும்பாலோர் கயிற்றைப் பிடிப்பவர்கள், அல்லது கயிற்றை யாரிடம் கொடுப்பது என்று முடிவுசெய்ய வேண்டியவர்கள். ஆகவே சிங்கப்பூரில் ஒரு சிறிய குழுவை நடத்துபவர்கள், அதாவது கட்டுமானத்தள மேற்பார்வையாளர், மருத்துவமனை வார்டில் பணிமாற்றத்துக்குப் பொறுப்பான தாதி, சமூக மன்ற நற்பணிக் குழுவின் செயலாளர், ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவுக்கு நிகழ்ச்சி ஒன்றை ஏற்றிருக்கும் தொண்டூழியர் போன்றவர்கள், இந்தப் படங்களைப் பயிற்சிக் கருவியாகப் பயன்படுத்துவது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன்.

காட்சியைத் தேர்ந்தெடுத்தல்

முழுப் படத்தையும் பாடமாக்க முயல வேண்டாம். துரத்தலும் சண்டையும் படத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். அவற்றில் குழுவுக்குக் கற்க அதிகம் இருக்காது. மூன்று வகைக் காட்சிகளைத் தேடுங்கள்: திட்டம் பேசப்படும் காட்சி, திட்டம் உடையும் காட்சி, ஒருவர் மற்றொருவருக்கு உத்தரவிட்டு அது கேள்விக்குள்ளாகும் காட்சி. ஒரு படத்தில் இவற்றுள் ஒன்று பத்து நிமிடத்துக்குக் கிடைத்தாலே போதும்.

பொது இடத்தில் திரையிடுவதற்குத் திரைப்பட உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்பதால், உறுப்பினர்கள் அவரவர் வீட்டில் முறையான ஒளிவழியில் பார்த்துவிட்டு வரும்படி ஏற்பாடு செய்வதே எளிது. இளையர் குழு என்றால் படத்தின் வயது வகைப்பாட்டை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பல உளவுப் படங்கள் இங்கு பிஜி13 அல்லது என்சி16 பிரிவில் வருகின்றன. கலந்துரையாடலுக்கு ஆறு முதல் எட்டுப் பேர் போதுமானவர்கள். அதற்கு மேல் போனால் நால்வர் பேச மற்றவர்கள் கைப்பேசியைப் பார்ப்பார்கள். முதல் முறை எல்லாரும் கதைக்காகப் பார்ப்பார்கள் என்பதால், அந்தப் பத்து நிமிடக் காட்சியை மட்டும் இரண்டாம் முறை பார்த்து வரச் சொல்லுங்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது அவர்களுக்கு ஒரே ஒரு வேலைதான்: கதாநாயகனைத் தவிர்த்து வேறொருவரைத் தேர்ந்தெடுத்து, காட்சி முழுவதும் அவரை மட்டுமே கவனிப்பது.

யார் என்ன செய்வார் என்பதை எழுதிவைத்தல்

பாதுகாப்பறைக் காட்சியை எடுத்துக்கொண்டு உறுப்பினர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘யார் இல்லாவிட்டால் எல்லாம் நின்றுவிடும்?’ என்பது. பதில் பெரும்பாலும் கயிற்றுக்காரரில் வந்து முடியும். அடுத்த கேள்வி சற்றுச் சங்கடமானது: ‘நம் குழுவில் அந்த இடத்தில் இருப்பவர் யார், அவருடைய வேலை என்னவென்று மற்றவர்களுக்குத் தெரியுமா?’

இதற்கு ஒரு நல்ல தமிழ் எடுத்துக்காட்டும் உண்டு. 2022இல் வெளிவந்த ‘விக்ரம்’ படத்தில் வீட்டு வேலை செய்பவராக வசந்தி நடித்த பாத்திரம் உண்மையில் ஓர் உளவாளி என்பது தெரியவரும்போது திரையரங்கம் ஆர்ப்பரித்தது. அந்த ஆர்ப்பரிப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப்பாருங்கள். அவர் அத்தனை நேரமும் திரையில்தான் இருந்தார். நாம்தான் அவரைப் பார்க்கவில்லை. தமிழ் நிகழ்ச்சிகளில் ஒலிபெருக்கிக்குப் பொறுப்பானவர், முதியோருக்குப் பேருந்து ஏற்பாடு செய்தவர், மண்டபத்தின் சாவியைத் திருப்பித் தரக் கடைசிவரை காத்திருப்பவர் ஆகியோர் அந்த நிலையில் இருக்கிறார்கள். நன்றியுரையில்கூட அவர்களுடைய பெயர் ‘மற்றும் பலர்’ என்ற சொற்களுக்குள் போய்விடுகிறது.

செய்முறை இதுதான். ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஓர் அட்டை கொடுங்கள். அதில் அவர் தம் வேலையை ஒரே வாக்கியத்தில் எழுத வேண்டும். அதன் கீழே, தம்மால் அதைச் செய்ய முடியாமல் போனால் அந்த வேலையை எடுத்துக்கொள்பவர் பெயரையும் எழுத வேண்டும். பிறகு அட்டைகளைக் கலந்து, ஒருவரின் அட்டையை இன்னொருவர் உரக்கப் படிக்கட்டும். ஒரே வேலையை இருவர் தமது என்று எழுதியிருப்பதும், மிக முக்கியமான ஒரு வேலை யாருடைய அட்டையிலும் இல்லாமல் போவதும் அப்போதுதான் வெளியே வரும். கட்டுமானத்தளத்தில் பாரந்தூக்கி வேலைக்கு ஓட்டுநர், தூக்குதல் மேற்பார்வையாளர், பொருளைக் கயிற்றில் கட்டும் ரிக்கர், சைகை காட்டும் சிக்னல்மேன் என்று பொறுப்புகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டிருப்பதைப் பலர் ஏட்டுச் சடங்காக நினைக்கிறார்கள். எடை தலைக்குமேல் இருக்கும் நேரத்தில் யார் யாருக்குச் சைகை காட்டுவது என்ற வாக்குவாதம் எழக்கூடாது என்பதற்காகத்தான் அந்தப் பிரிவினை.

ஐந்து நிமிட விளக்கமும் திருப்பிச் சொல்வதும்

படங்களில் திட்டம் விளக்கப்படும் முறை நமக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுத்தருகிறது. தலைவர் பேசத் தொடங்குகிறார். பாதி வாக்கியத்திலேயே காட்சி மாறி, அவர் சொல்லிக்கொண்டிருப்பது நடந்துகொண்டிருப்பதைக் காட்டுகிறார்கள். அதாவது சொன்னவுடன் புரிந்தது, புரிந்தவுடன் நடந்தது. படத்தொகுப்பாளரின் வசதி அது. நேரில் அப்படி நடப்பதில்லை.

சிங்கப்பூரின் வேலையிடங்களில் ஒரு குழுவுக்குள்ளேயே தமிழ், வங்காளம், மாண்டரின், மலாய், ஆங்கிலம் என்று பல மொழிகள் புழங்கும். காலையில் வேலை தொடங்குமுன் நடக்கும் ‘டூல்பாக்ஸ் மீட்டிங்’ எனப்படும் சிறு விளக்கக் கூட்டத்தில் மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் விரைவாகச் சொல்லி முடித்து, ‘ஓகே?’ என்று கேட்பார். எல்லாரும் ‘ஓகே, ஓகே’ என்று தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்கு, ‘கேட்டேன்’ என்பதிலிருந்து ‘சீக்கிரம் முடித்தால் நல்லது’ என்பதுவரை எத்தனையோ பொருள் இருக்கலாம். புரிந்துகொண்டதற்கான ஒரே அடையாளம், கேட்டவர் தம் சொந்தச் சொற்களில் திருப்பிச் சொல்வதுதான். விமானியும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் வானொலியில் பேசும்போது முக்கியமான கட்டளையை விமானி திரும்பக் கூறுவதும், கூறியது தவறாக இருந்தால் கோபுரம் திருத்துவதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஆகவே உங்கள் விளக்கத்தை ஐந்து நிமிடத்துக்குள் அடக்கி, நான்கு செய்திகளை மட்டும் அதில் வையுங்கள்: இன்று முடிய வேண்டிய வேலை எது, யார் எதற்குப் பொறுப்பு, ஒருவர் மற்றவரை எப்படித் தொடர்புகொள்வார், எந்த நிலை வந்தால் வேலையை நிறுத்திவிடுவோம். நான்காவதை நாம் பெரும்பாலும் சொல்வதே இல்லை. அதன்பின் எல்லாரையும் பார்த்து ‘புரிந்ததா?’ என்று கேட்காமல், ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, ‘தம்பி, மழை வந்துவிட்டால் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள்?’ என்று கேளுங்கள். தேர்வு வைப்பதுபோல் தோன்றாமல் இருக்க, நாள்தோறும் வேறொருவரைக் கேட்பதும், சில நாள்களில் தலைவரே தம் வேலையைத் திருப்பிச் சொல்வதும் நல்லது. தமிழில் தெளிவாகச் சொல்லக்கூடிய ஒருவர் ஆங்கிலத்தில் தடுமாறுவார் என்றால், அவரைத் தமிழில் சொல்லவிட்டு, பக்கத்திலிருப்பவரை மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். இதற்குச் செலவாகும் இரண்டு நிமிடம் வீண் இல்லை.

ஒருங்கிணைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதைக் காட்ட, 2012இல் வந்த ‘துப்பாக்கி’ பயன்படும். மும்பையில் தொடர் குண்டுவெடிப்புக்குத் திட்டமிட்ட பன்னிரண்டு பேரை விஜய்யும் அவருடைய இராணுவ நண்பர்களும் பின்தொடர்ந்து சென்று ஒரே நேரத்தில் வீழ்த்தும் பகுதியில், எவருக்கும் மற்றவர் எங்கே இருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியாது. நேரம் ஒன்றே அவர்களை இணைக்கிறது. அந்தப் பகுதியைப் பார்த்துவிட்டு, ‘இவர்களில் ஒருவர் முப்பது விநாடி முந்தியிருந்தால் என்னவாகியிருக்கும்?’ என்று கேட்டால், நேரம் தவறாமை ஏன் ஒழுக்கப் பாடமாக மட்டும் இருக்கக்கூடாது என்பது உறுப்பினர்களுக்குத் தாமாகவே புலப்படும்.

பார்ப்பவர் ஒருவர், உத்தரவிடுபவர் ஒருவர்

தலைமையைப் பற்றிப் பேச ஒரே ஒரு காட்சியைத்தான் எடுக்கலாம் என்றால், நான் ‘ஸ்கைஃபால்’ படத்தின் தொடக்கத்தை எடுப்பேன். 2012இல் வெளிவந்த அந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில், ஓடும் ரயிலின் கூரைமேல் பாண்ட் எதிரியோடு கட்டிப்புரண்டுகொண்டிருக்கிறார். இரகசிய உளவாளிகளின் பெயர்ப்பட்டியல் எதிரியிடம் இருக்கிறது. குன்றின்மேல் துப்பாக்கியோடு நிற்கும் சக உளவாளி ஈவ், இருவரும் ஒருவரையொருவர் மறைப்பதால் குறி தெளிவாக இல்லை என்கிறார். லண்டனில் அமர்ந்து காதில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் தலைவர் எம், சுடும்படி உத்தரவிடுகிறார். குண்டு பாண்டின் மீது பாய்கிறது. பட்டியலோடு எதிரி தப்பிவிடுகிறான்.

இந்தக் காட்சியைக் காட்டினால் குழு உடனே இரண்டாகப் பிரியும். எம் செய்தது சரி, அந்தப் பட்டியல் போனால் பலர் சாவார்கள் என்று ஒரு தரப்பு வாதிடும். ஈவ் மறுத்திருக்க வேண்டும் என்று மறுதரப்பு சொல்லும். இரண்டையும் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் தீர்ப்புச் சொல்ல அவசரப்பட வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: களத்தைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர், முடிவெடுத்தவர் இன்னொருவர். அந்த இடைவெளியை நிரப்ப எம் எத்தனை கேள்வி கேட்டார்? ‘உன்னால் என்ன பார்க்க முடிகிறது, இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது, நீ என்ன செய்ய நினைக்கிறாய்’ என்ற மூன்று கேள்விகளுக்குப் பத்து விநாடி போதும். தொலைவில் இருக்கும் தலைவர் எந்த உத்தரவுக்கும் முன்னால் இந்த மூன்றையும் கேட்டே ஆக வேண்டும் என்று உங்கள் குழுவில் விதி வகுத்துக்கொள்ளலாம்.

பாரந்தூக்கி ஓட்டுநர்களுக்கு இது புதிதன்று. தாம் தூக்கும் பொருள் இறங்கும் இடத்தை ஓட்டுநர் பல வேளைகளில் பார்க்கவே முடியாது. கட்டடத்தின் மறுபக்கம் நிற்கும் சிக்னல்மேனின் கண்ணை நம்பித்தான் அவர் கைப்பிடியை அசைக்கிறார். சிக்னல்மேன் சம்பளத்தில் குறைந்தவராக இருக்கலாம், வயதில் இளையவராக இருக்கலாம். ஆனால் அந்த நிமிடத்தில் முடிவு அவருடையது. இன்னும் ஒரு படி மேலே, ‘நிறுத்து’ என்ற சைகையைச் சிக்னல்மேன்தான் காட்ட வேண்டும் என்பதுகூட இல்லை. அங்கே நிற்கும் யார் காட்டினாலும் ஓட்டுநர் நிறுத்த வேண்டும். தூக்கச் சொல்ல ஒருவருக்குத்தான் அதிகாரம், நிறுத்தச் சொல்ல எல்லாருக்கும் அதிகாரம் என்ற இந்த ஏற்பாட்டை அலுவலகங்களும் தமிழ் அமைப்புகளும் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

நம் அமைப்புகளில் இதற்கு ஒரு தடை உண்டு, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் முதலில் பேசிவிட்டால், அதற்குப்பின் இளையர் வாய் திறப்பதில்லை. ‘ஐயா சொல்லிவிட்டார்’ என்பதோடு விவாதம் முடிந்துவிடுகிறது. மரியாதை குறையக்கூடாது என்ற நல்ல எண்ணமே, தெரிந்த ஆபத்தைச் சொல்லாமல் விட்டுவிடும் பழக்கமாகவும் ஆகிறது. இதற்கு மருந்து அறிவுரை அன்று, பேசும் வரிசையை மாற்றுவதுதான். அனுபவம் குறைந்தவர் முதலில் பேசட்டும். தலைவர் கடைசியாகப் பேசட்டும். ‘ஐயா’, ‘அண்ணன்’, ‘அக்கா’ என்ற விளிகளை விட்டுவிட வேண்டிய தேவையே இல்லை. ‘அண்ணே, எனக்கு இங்கிருந்து தெளிவாகத் தெரியவில்லை, கொஞ்சம் நிறுத்துங்கள்’ என்று சொல்லும் தம்பிக்கு எல்லார் முன்னிலையிலும் நன்றி சொல்வதைத் தலைவர் ஒருமுறை செய்துகாட்டினால், அடுத்த முறை இன்னொருவர் சொல்வார். அந்தத் தம்பி நிறுத்தியது தேவையில்லாத நிறுத்தமாக இருந்தாலும் நன்றி சொல்ல வேண்டும். தலைவரின் உண்மையான சோதனை அங்கேதான் இருக்கிறது.

கருவிகள் கைவிடும்போது

2011இல் வந்த ‘மிஷன்: இம்பாசிபிள் – கோஸ்ட் புரோட்டோகால்’ துபாயின் புர்ஜ் கலீஃபாவில் நடக்கும் நீண்ட பகுதிக்காக நினைவுகூரப்படுகிறது. கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும் கையுறைகளில் ஒன்று பாதியில் செயலிழக்கிறது. முகமூடி தயாரிக்கும் இயந்திரமும் பழுதாகிவிடுகிறது. இரகசியக் குறியீடுகளை விற்பவரையும் வாங்குபவரையும் முகமூடி அணிந்து தனித்தனியே சந்திப்பதே அவர்களுடைய திட்டம். ஆனாலும் முகமூடி இல்லாமலேயே இரண்டு சந்திப்புகளையும் நடத்துவது என்று குழு முடிவெடுக்கிறது.

இந்த முடிவு எப்படிச் சாத்தியமானது? முகமூடி அவர்களுக்கு வழி. இரு தரப்பும் நேரில் சந்திக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இலக்கு. இலக்கு எது, வழி எது என்பது குழுவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தால், வழி அடைபடும்போது தலைவரின் தொலைபேசி அழைப்புக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள். உங்கள் குழுவோடு இதை விளையாட்டாகச் செய்து பார்க்கலாம். அடுத்த நிகழ்ச்சியின் ஏற்பாட்டுப் பட்டியலை மேசைமேல் வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றை அடித்துவிடுங்கள்: புரொஜெக்டர் வேலை செய்யவில்லை, சிறப்பு விருந்தினர் நாற்பது நிமிடம் தாமதம், அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் குழு இரண்டு நிமிடத்தில் மாற்றுவழி சொல்ல வேண்டும். மூன்றாவது சுற்றிலேயே, எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்பது தெளிவாகிவிடும். மாணவர் படைப்புகளுக்காக நடக்கும் விழாவில் சிறப்பு விருந்தினரின் உரையைச் சுருக்கலாம், மாணவர்களின் நேரத்தை வெட்டக்கூடாது என்ற முடிவுக்கு ஒரு குழு தானாகவே வந்தால், அந்தப் பயிற்சி பலித்துவிட்டது என்று கொள்ளலாம்.

இரகசியம் குழுவுக்கு எதிரி

உளவுப் படங்களிலிருந்து எடுத்துக்கொள்ளவே கூடாத ஒன்று, ‘தேவைப்பட்டவருக்கு மட்டும் தகவல்’ என்ற கொள்கை. உளவாளி பிடிபட்டால் பிறர் காட்டிக்கொடுக்கப்படக்கூடாது என்பதற்காக ஏற்பட்டது அது. விழா ஏற்பாட்டுக் குழுவுக்கு அப்படி ஓர் ஆபத்தும் இல்லை. இருந்தும், செயலாளருக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரிந்த தகவல்கள், தனித்தனி வாட்ஸ்அப் குழுக்கள், கடைசி நாளில் சொல்லப்படும் மாற்றங்கள் என்று நாம் உளவுத்துறையை விஞ்சிவிடுகிறோம். சம்பளம், மருத்துவ விவரம் போன்ற தனிப்பட்ட செய்திகளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் குழு முழுவதற்கும் திறந்துவையுங்கள்.

உளவிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்கது சரிபார்க்கும் பழக்கம். ஒற்றாடல் என்று தனி அதிகாரமே வகுத்த வள்ளுவர், ஓர் ஒற்றன் அறிந்து வந்த செய்தியையும் மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒற்றிப்பார்த்துத்தான் ஏற்க வேண்டும் என்கிறார். மண்டபம் உறுதியாகிவிட்டது என்று ஒருவர் சொன்னால், உறுதிக் கடிதத்தை இன்னொருவர் பார்த்துவிட வேண்டும். இது சந்தேகம் இல்லை, நடைமுறை. எல்லாருக்கும் ஒரேபோல் செய்தால் யாரும் மனம் நோக மாட்டார்கள். ஒருவருக்கு மட்டும் செய்தால் நோகத்தான் செய்வார்கள்.

நம் துறைமுகத்தில் நடந்த உண்மைக் கதை

படங்களை மட்டும் வைத்துப் பேசினால் ஒரு குறை இருந்துகொண்டே இருக்கும். அதை நிரப்பச் சிங்கப்பூரின் வரலாற்றிலேயே ஒரு நிகழ்வு இருக்கிறது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், 1943 செப்டம்பர் 2ஆம் தேதி, மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மத் வளைகுடாவிலிருந்து ‘கிரெய்ட்’ என்னும் படகில் பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படையினர் 14 பேர் புறப்பட்டார்கள். ஆப்பரேஷன் ஜேவிக் என்பது அந்த நடவடிக்கையின் பெயர். ஐவன் லயன் அதன் தலைவர். கிரெய்ட் முன்பு ஜப்பானிய மீன்பிடிப் படகாக இருந்தது. பயணிகள் உடலில் சாயம் பூசிக்கொண்டு, கைலி கட்டிக்கொண்டு, உள்ளூர் மீனவர்களைப் போலத் தோற்றமளித்தார்கள். ஐரோப்பியருடைய குப்பை கடலில் மிதந்து காட்டிக்கொடுத்துவிடக்கூடாது என்பதற்காக, எதைப் படகிலிருந்து வீசுவது என்பதில்கூட எச்சரிக்கையாக இருந்தார்கள்.

அவர்களில் ஆறு பேர் மட்டுமே, இருவருக்கு ஒன்றாக மூன்று மடக்குப் படகுகளில் துடுப்புப் போட்டுத் துறைமுகத்துக்குள் நுழைந்து, செப்டம்பர் 26ஆம் தேதி இரவு ஜப்பானியக் கப்பல்களின் அடிப்பகுதியில் காந்தக் கண்ணிவெடிகளைப் பொருத்தினார்கள். மற்ற எட்டுப் பேரும் என்ன செய்தார்கள் என்பதுதான் குழுத் தலைவர்கள் பார்க்க வேண்டிய பகுதி. எதிரியின் கடலில், யார் கண்ணிலும் சந்தேகம் எழாதபடி நாள்களைக் கடத்தி, குறித்த தேதியில் குறித்த தீவுக்குத் திரும்பி வந்து, சென்றவர்களை ஏற்றிக்கொண்டு போக வேண்டியது அவர்களுடைய பொறுப்பு. அவர்கள் வந்தார்கள், பதினான்கு பேரும் அக்டோபர் 19ஆம் தேதி எக்ஸ்மத் வளைகுடாவை அடைந்தார்கள். இது படமாக எடுக்கப்பட்டால் அந்த எட்டுப் பேரின் காத்திருப்பு ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். வேலை எதுவும் இல்லாததுபோல் தோன்றும் நேரத்தில் தம் இடத்தைவிட்டு நகராமல் இருப்பவரைப் பாராட்டும் வழக்கம் உங்கள் குழுவில் உண்டா என்று இந்த இடத்தில் கேளுங்கள்.

கதை அதோடு முடியவில்லை. வெளியிலிருந்து வந்த குழுவொன்று இதைச் செய்திருக்கும் என்று ஜப்பானியர் நினைக்கவில்லை. சிங்கப்பூருக்குள் இருப்பவர்களின் வேலை என்றே சந்தேகித்தார்கள். அக்டோபர் 10ஆம் தேதி கெம்பித்தாய் எனப்படும் அவர்களுடைய இராணுவக் காவல்துறை கைது நடவடிக்கையில் இறங்கியது. இந்தச் செயலோடு எந்தத் தொடர்பும் இல்லாத 57 பேர் பிடித்துச் செல்லப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்டார்கள். அவர்களில் 15 பேர் இறந்தார்கள். மருத்துவமனைச் சிற்றுண்டிச்சாலை நடத்திவந்த எலிசபெத் சோய் அந்தச் சித்திரவதையைத் தாங்கி உயிர்பிழைத்தவர். குழு பத்திரமாக வீடு திரும்பியது. விலையைக் கொடுத்தவர்கள் அந்தக் குழுவின் பெயரைக்கூட அறியாதவர்கள்.

போர்க்காலத்து முடிவுகளை இன்றைய அலுவலக முடிவுகளோடு ஒப்பிடுவது பொருந்தாது, அப்படிச் செய்யவும் கூடாது. ஆனால் நம் திட்டத்தில் இல்லாதவர்மீது நம் திட்டம் எப்படி விழுகிறது என்ற கேள்வியை உளவுப் படங்கள் ஏறக்குறைய கேட்பதே இல்லை. முதலில் சொன்ன பாதுகாப்பறைக் காட்சியில் காப்பி குடித்த அந்த அலுவலருக்கு, எந்தத் தவறும் செய்யாமலேயே, அலாஸ்காவுக்கு மாற்றல் கிடைக்கிறது. படம் அதை நகைச்சுவையாகக் கடந்துபோகிறது. ‘துப்பாக்கி’ இந்த வகையில் சற்று நேர்மையான படம் என்பேன். அந்தப் பன்னிரண்டு பேர் வீழ்ந்ததற்கான பழிவாங்கல் வீரர்களின் குடும்பத்தினர்மீது திரும்புவதை அது கதையின் அடுத்த பாதியாகவே ஆக்கிக்கொள்கிறது.

ஆகவே திட்டம் முடிவானதும் ஒரு வெற்றுத்தாளை எடுத்து, குழுவில் இல்லாத, ஆனால் குழுவின் முடிவால் பாதிக்கப்படக்கூடியவர்களின் பட்டியலை எழுதுங்கள். நிகழ்ச்சி இரவு பத்துக்கு முடிந்தால் நாற்காலிகளை அடுக்க வேண்டிய துப்புரவாளர், சத்தத்தைத் தாங்க வேண்டிய பக்கத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் குடியிருப்பாளர், நீங்கள் விட்டுவைத்த வேலையோடு தொடங்க வேண்டிய இரவுநேரப் பணியினர் என்று அந்தப் பட்டியல் நீளும். அவர்களில் ஒருவரிடமாவது முன்கூட்டியே பேசிவிடுவது தலைவரின் நேரடி வேலை. அதை வேறு யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது.

நாயகனிடம் கற்கக் கூடாதவை

சிலவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். மேலிடத்தின் தடையை மீறிச் செல்பவரே எப்போதும் சரியாக இருப்பது திரைக்கதையின் வசதி. உங்கள் வேலையிடத்தில் தடைக்குக் காரணம் இருக்கும், முதலில் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உறுப்பினரின் விசுவாசத்தை மறைமுகமாகச் சோதிப்பது படத்தில் சுவையாக இருக்கும், நேரில் ஒரே முறையில் நம்பிக்கையைக் கெடுத்துவிடும். தூங்காமல் வேலை செய்வது வீரம் அன்று. 2018இல் வந்த ‘மிஷன்: இம்பாசிபிள் – ஃபால்அவுட்’ படத்தில் நண்பன் ஒருவனைக் காப்பாற்றப் போய் நாயகன் அணுகுண்டுக்கு உதவும் புளூட்டோனியத்தைக் கைவிடுவது மனத்தைத் தொடும் காட்சிதான். ஆனாலும் ஓர் உறுப்பினரா, பொதுமக்களின் பாதுகாப்பா என்ற நிலை வரும்வரை ஏன் விட்டார்கள் என்ற கேள்வியே குழுவுக்குப் பயன்படும்.

முடிந்தபின் இருபது நிமிடம்

இந்தப் படங்கள் பெரும்பாலும் வெடிப்போடும் ஒரு சிரிப்போடும் முடிந்துவிடுகின்றன. என்ன தவறியது என்று உட்கார்ந்து பேசும் காட்சி அரிது. ஆனால் தேசிய சேவை செய்தவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாகவே தெரியும். பயிற்சி முடிந்து, களைத்து, வியர்வையோடு தரையில் உட்கார்ந்து நடத்தும் ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிவ்யூவை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உங்கள் குழுவில் தேசிய சேவை முடித்தவர் ஒருவர் இருந்தால் இந்தப் பகுதியை நடத்தும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள்.

வேலை முடிந்த அன்றோ மறுநாளோ, இருபது நிமிடத்துக்கு மேல் போகாமல் இதைச் செய்ய வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் நினைவு மங்கி, ஒவ்வொருவரும் தமக்குச் சாதகமான கதையைச் சொல்வார்கள். முதலில் என்ன நடக்க வேண்டியிருந்தது, பிறகு உண்மையில் என்ன நடந்தது, அதன்பின் இரண்டுக்கும் ஏன் வேறுபாடு என்ற வரிசையை மாற்றாதீர்கள். ‘ஏன்’ என்பதை முதலில் எடுத்தால் அது ‘யார்’ என்பதில் போய் நின்றுவிடும். ‘பேருந்து தாமதமாக வந்தது’ என்று சொல்லலாம். ‘பேருந்தைப் பார்த்துக்கொண்ட அக்கா தாமதப்படுத்தினார்’ என்று தொடங்கக் கூடாது. தலைவர் தம் முடிவுகளையும் அதே தராசில் வைக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனால் பல கூட்டங்களைப் பார்த்தபின் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

கடைசியில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஏழு மாற்றங்களைத் தாளில் எழுதினால் எதுவும் நடக்காது. அந்த ஒன்றைச் செய்யப்போகிறவரின் பெயரையும் தேதியையும் எழுதி, குழுவின் பொதுக் கோப்பில் வைத்துவிடுங்கள். அடுத்த வேலையின் ஐந்து நிமிட விளக்கத்தை அந்த வரியைப் படித்துத் தொடங்குங்கள்.